செல்வமும் சேர்க்கையும்



சில திங்களுக்கு முன்பு, அடுத்த வீட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் என்னிடம் வந்து, “ஐயா, அமெரிக்காவில் ஹார்வர்டு என்று ஒரு பல்கலைக் கழகம் இருக்கிறதே, அங்கே சேர எத்தனை மதிப்பெண் எடுக்க வேண்டும்?” என்று கேட்டான். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து, அவற்றுள் பதினொன்றைத் தலைமையாசிரியர் நாற்காலியில் கழித்தவன் நான். மதிப்பெண் பற்றிய கேள்வி என்றால் எனக்கு விடை தயாராக இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணை விடையாகச் சொல்ல இயலவில்லை. “மதிப்பெண் மட்டும் போதாது, தம்பி” என்றேன். “வேறென்ன வேண்டும்?” என்றான். அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் கல்லூரி புகும் மாணவர் பலர் எழுதும் தேர்வு ஒன்று உண்டு. அதற்கு எஸ்.ஏ.டி. என்று பெயர். மொத்தம் 1,600 மதிப்பெண். அதில் 1,300-க்கு மேற்பட்ட மதிப்பெண் பெறுவோரைக் குடும்ப வருவாயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாட்டில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் உச்சியிலிருக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மதிப்பெண் கிடைக்கும் வாய்ப்பு, வறியவர் வீட்டுப் பிள்ளைக்குள்ள வாய்ப்பைப்போல் 13 மடங்கு என்று தெரிய வந்தது. இதில் வியப்பில்லை. நல்ல பள்ளி, தனிப் பயிற்சி, அமைதியான படிப்பறை, வயிறாரச் சோறு ஆகிய இவை யாவும் மதிப்பெண்ணாக மாறக்கூடியவை என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். ஆகவே பந்தயம் தொடங்குமுன்பே சிலர் பாதித் தொலைவு கடந்து நிற்கிறார்கள்.

ஆனால் நான் பேச வந்தது அதன் பிறகு நடப்பதைப் பற்றி. ஒரே மதிப்பெண் பெற்ற இருவர். ஒருவர் பெருஞ்செல்வர் மகன், மற்றவர் நடுத்தரக் குடும்பத்தவர். இருவருக்கும் ஒரே அளவு வாய்ப்புத்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை என்பதை 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூன்று பொருளியல் அறிஞர்கள் எண்களைக்கொண்டு காட்டினார்கள். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் என்பன அவர்கள் பெயர்கள். இவர்களுள் ராஜ் செட்டி தில்லியில் பிறந்து ஒன்பதாம் வயதில் அமெரிக்கா சென்றவர். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக் கழகங்களோடு ஸ்டான்போர்டு, எம்.ஐ.டி., டியூக், சிக்காகோ ஆகிய நான்கையும் சேர்த்துப் பன்னிரண்டை இவர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு, சேர்க்கை ஏடுகளையும் தேர்வு மதிப்பெண்களையும் பெற்றோரின் வருமான வரிக் கணக்குகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். அதற்கு முன்பு ஊகமாகவும் முணுமுணுப்பாகவும் இருந்த செய்தி இதனால் கணக்காயிற்று.

கணக்கு என்ன சொன்னது? ஒத்த மதிப்பெண் உடையவர்களுள், உச்சியிலுள்ள நூற்றில் ஒரு பங்குச் செல்வரின் பிள்ளைகள் இப்பன்னிரண்டில் ஒன்றில் சென்று படிக்கும் வாய்ப்பு, நடுத்தர வகுப்பாரின் பிள்ளைகளுக்கு உள்ளதைப்போல் இருமடங்குக்கும் மேல். இவ்வேற்றுமையில் ஒரு பகுதி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே தயங்குவதாலும், இடம் கிடைத்தும் வேறிடம் செல்வதாலும் நேர்வது. ஆனால் மூன்றில் இரு பங்கு, சேர்க்கை அலுவலகத்தின் மேசைமீதே நிகழ்வது. அதே நாட்டின் தலையாய மாநிலப் பல்கலைக் கழகங்களில் இந்த வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நோய் எங்கும் பரவியதன்று. குறிப்பிட்ட சில மாளிகைகளுக்கே உரியது.

அம்மேசைமீது நடப்பது என்ன? காரணங்கள் மூன்று என்றார்கள். அவற்றுள் பெரியது, பழைய மாணவரின் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை. தந்தையோ தாயோ அங்கே படித்திருந்தால் பிள்ளைக்கு முன்னுரிமை. “அறிஞர் வீட்டுப் பிள்ளை இயல்பாகவே அறிவாளியாக இருக்கலாமே” என்று ஒருவர் வாதிடக்கூடும். இந்த வாதத்தை ஆராய்ச்சியாளர் சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கூறத்தக்க சோதனை அது. ஒரு பல்கலைக் கழகத்தின் பழைய மாணவர் மகன் அதற்கு மட்டுமா விண்ணப்பிக்கிறான்? அதே தரமுள்ள பிற பல்கலைக் கழகங்களுக்கும் விண்ணப்பிக்கிறான். அவன் உண்மையிலேயே சிறந்தவனானால், அவன் தந்தையை அறியாத அந்த இடங்களும் அவனை அதே ஆர்வத்தோடு வரவேற்க வேண்டும் அன்றோ? அவ்வாறு வரவேற்கவில்லை. தந்தை படித்த இடத்தில் அவனுக்கு இருந்த பெருஞ்சலுகை, பிற இடங்களில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே சலுகை அறிவுக்கு அன்று, உறவுக்கு.

இவ்வழக்கம் எப்போது தோன்றியது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கதே. அது பழமையான மரபு என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று, அது 1920-களில் உருவானது. அதற்கு முன்பு ஹார்வர்டு போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வில் தேறியவர் பெரும்பாலும் சேரலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அத்தேர்வில் நன்றாகத் தேறத் தொடங்கினார்கள். 1922-இல் ஹார்வர்டு முதலாண்டு வகுப்பில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். தலைவராக இருந்த லாரன்ஸ் லோவல் என்பவருக்கு இது பொறுக்கவில்லை. நூற்றுக்குப் பதினைந்து என்று வரம்பு கட்ட விரும்பினார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. பிறகு 1926-இல், மதிப்பெண்ணோடு ‘ஒழுக்கம்’, ‘ஆளுமை’ என்பவற்றையும் பார்ப்பது என்ற முறை வந்தது. விண்ணப்பத்தோடு நிழற்படமும் கேட்டார்கள். ஒழுக்கத்தை நிழற்படத்தில் எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பார்க்க விரும்பியது வேறு. யேல் போன்ற பிற இடங்களிலும் பழைய மாணவரின் மைந்தர்க்கு இடம் குறையாதபடி விதிகள் வகுத்தது இக்காலத்தில்தான். எஸ்.ஏ.டி. தேர்வு முதன்முதலாக நடத்தப்பட்டதும் அதே 1926-இல் என்பது வரலாற்றின் ஒரு விளையாட்டு.

இரண்டாவது காரணத்தை விரைந்து சொல்லிவிடலாம். அது விளையாட்டு. விளையாட்டு வீரர்க்கு இடம் ஒதுக்குவது ஏழைக்கு உதவும் என்றே நாம் நினைப்போம். ஆனால் அங்கே இடம் பெறும் விளையாட்டுகளுள் படகு வலித்தல், வாட்போர், ஸ்குவாஷ், பாய்மரப் படகோட்டம் ஆகியவையும் உண்டு. படகும் ஏரியும் உள்ள பள்ளியில் படித்தவனே படகு வலிப்பான்.

மூன்றாவது காரணத்தில்தான் தனியார் பள்ளி வருகிறது. என் மனத்தை மிகவும் வருத்துவதும் இதுவே. படிப்பு நீங்கலாக, மாணவனுடைய பிற சிறப்புகளுக்கு, அதாவது தலைமைப் பண்பு, கலையார்வம், பொதுத் தொண்டு முதலியவற்றுக்குச் சேர்க்கை அலுவலர் ஒரு மதிப்பு இடுகிறார். இந்த மதிப்பு கட்டணம் மிகுந்த தனியார் பள்ளி மாணவர்க்கே உயர்வாக அமைகிறது. காரணம் வெளிப்படை. அப்பள்ளியில் நாடக அரங்கு உண்டு, விவாத மன்றம் உண்டு, பத்துப் பதினைந்து சங்கங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மாணவனையும் நன்கறிந்து அவனைப் பற்றிப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதற்கென்றே ஆலோசகர் உண்டு. அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓர் ஆலோசகர் சராசரியாக ஏறத்தாழ 400 மாணவரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நானூறு பேரில் ஒருவனைப் பற்றி அவர் என்ன எழுத முடியும்?

இதை நான் பிறர்மேல் வைத்துப் பேசவில்லை. என் சொந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் இரண்டு பிள்ளைகள் வடநாட்டுக் கல்வி நிலையம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் நான் ஒரே நாளில் பரிந்துரைக் கடிதம் எழுதினேன். ஒருவன் ஊரில் நூற்பாலை நடத்தியவரின் மகன். பள்ளி ஆண்டு விழாவில் பேசியவன், வினாடி வினாவில் பரிசு பெற்றவன், பள்ளிக்கு அவன் தந்தை கட்டிக் கொடுத்த மேடையில் நாடகம் நடித்தவன். அவனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எல்லாம் உண்மை. மற்றவள் ஒரு நெசவாளியின் மகள். வகுப்பில் முதல்வி. அவளைப் பற்றி, ‘அமைதியானவள், ஒழுக்கமுள்ளவள், கடும் உழைப்பாளி’ என்று நான்கு வரி எழுதினேன். அதுவும் உண்மைதான். அவள் விடியற்காலையில் எழுந்து பாவு தோய்ப்பதற்கு உதவியதும், தந்தையின் கூலிக் கணக்கை முதலாளியிடம் தானே போய்ச் சரிபார்த்து வாங்கியதும், அவள் வாங்கித் தந்த நியாயமான கூலியைக் கண்டு தெருவில் இருந்த மற்றத் தறிக்காரர்களும் தங்கள் கணக்கை அவளிடம் கொண்டுவந்ததும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. தலைமைப் பண்பு என்று எதைச் சொல்கிறோமோ அது அந்தப் பெண்ணிடம் இருந்தது. அதை அறிய நான் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேடையில் ஏறியவனை எனக்குத் தெரிந்தது. தறி மேடையில் இருந்தவளைத் தெரியவில்லை. அவளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. என் கடிதம்தான் காரணம் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. காரணம் இல்லை என்பதற்கும் சான்று இல்லை.

மூவர் ஆராய்ச்சியில் இன்னொரு குறிப்பும் உண்டு. பழைய மாணவர் சலுகை, விளையாட்டு, படிப்புக்குப் புறம்பான அந்த மதிப்பு ஆகிய இம்மூன்றும், மாணவர் பிற்காலத்தில் வாழ்க்கையில் எப்படி விளங்குவர் என்பதை முன்னறிந்து கூறவில்லை. தேர்வு மதிப்பெண் அதைவிட நன்றாகக் கூறிற்று. ‘தேர்வு ஒரு கொடுமை’ என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நானும் பேசியவன்தான். ஆனால் தேர்வுத்தாளுக்கு அடைமொழிகளின்மேல் மயக்கம் கிடையாது என்ற ஒன்றை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எம்.ஐ.டி. என்னும் நிறுவனம் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்த தேர்வை 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியபோது, வசதியற்ற பள்ளிகளிலுள்ள திறமைசாலிகளைக் கண்டுகொள்ள அது உதவுகிறது என்றே காரணம் கூறிற்று. அந்நிறுவனம் பழைய மாணவர் சலுகை அளிப்பதில்லை.

சலுகைக்கும் கொடைக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விடலாகாது. ஹார்வர்டுமீது தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு 2018-இல் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. இனம் பற்றிய வழக்கு அது. 2023-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. ஆனால் விசாரணையில் வேறொரு செய்தியும் வெளியாயிற்று. கொடையாளிகளின் வீட்டுப் பிள்ளைகள் முதலியோரின் பெயர்கள் அடங்கிய தனிப் பட்டியல் ஒன்று சேர்க்கை அலுவலகத்தில் இருந்தது. வழக்குத் தொடுத்தவர் பக்கம் சான்றளித்த பொருளியல் அறிஞரும் அவருடைய துணைவரும் 2019-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இடம் பெற்ற வெள்ளையின மாணவருள் நூற்றுக்கு 43 பேர் விளையாட்டு வீரர், பழைய மாணவர் பிள்ளைகள், அந்தத் தனிப் பட்டியலில் உள்ளவர், ஆசிரியர் மற்றும் பணியாளரின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையுள் அடங்குவர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் அச்சலுகை இல்லாவிடில் இடம் பெற்றிரார் என்றும் கணித்தார்கள்.

அதே 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வில்லியம் சிங்கர் என்ற ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செல்வரின் பிள்ளைகளுக்காகத் தேர்வு விடைகளைத் திருத்தச் செய்தும், நீரில் இறங்கியறியாத பிள்ளையை நீர்ப்பந்து வீரன் என்று காட்டியும் 2011 முதல் 2018 வரை சுமார் இரண்டரைக் கோடி டாலர் பெற்றவர். அவர் அளித்த விளக்கம் நினைவில் நிற்பது. தகுதியால் நுழைவது முன்வாயில். பெருங்கொடை அளித்து நுழைவது பின்வாயில். அதற்குச் செலவு பன்மடங்கு. தாம் செய்தது அதனினும் மலிவான பக்கவாயில் என்றார். பக்கவாயிலைத் திறந்தவருக்கு 2023-இல் 42 திங்கள் சிறைத் தண்டனை கிடைத்தது. பின்வாயில் சட்டப்படி குற்றமன்று.

அமெரிக்காவை மட்டும் சொன்னால் நியாயமாகாது. இங்கிலாந்தின் கதை இன்னும் பழையது. 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டன் பள்ளியை நிறுவியபோது, எழுபது ஏழை மாணவர் கட்டணமின்றிப் படிப்பதற்கென்றே நிறுவினார். மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியைத் தொடங்கி, ஈட்டன் மாணவர் அங்கே சென்று மேற்படிப்புப் பெற வழி செய்தார். ஏழைக்கு இட்ட பாலம் அது. காலப்போக்கில் பள்ளியில் செல்வர் பிள்ளைகள் நிறைந்தார்கள். பாலம் மட்டும் அப்படியே இருந்தது. 1860-கள் வரையில் ஈட்டனில் படித்தவரைத் தவிரப் பிறர் கிங்ஸ் கல்லூரியில் சேர இயலாது. இன்று ஈட்டனில் ஓராண்டுக் கட்டணம் 60,000 பவுனுக்கு மேல். உதவிச் சம்பளம் பெற்றுப் படிப்போரும் அங்கே உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இத்தகைய பள்ளிகளுக்கு அந்நாட்டில் ‘பப்ளிக் ஸ்கூல்’, அதாவது பொதுப் பள்ளி என்று பெயர்! ஆங்கிலம் கற்பித்த காலத்தில் இந்தச் சொல்லை விளக்குவதற்குள் எனக்குப் பாதிப் பாடவேளை போய்விடும்.

அந்நாட்டுப் பிள்ளைகளுள் தனியார் பள்ளியில் படிப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர். ஆக்ஸ்போர்டில் 2024-இல் சேர்ந்த உள்நாட்டு மாணவருள் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு. 2015 முதல் 2017 வரை எட்டே எட்டுப் பள்ளிகள் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பிய மாணவர் தொகை, வேறு 2,894 பள்ளிகள் சேர்ந்து அனுப்பிய தொகையைவிட அதிகம் என்று சட்டன் அறக்கட்டளை கண்டறிந்தது. அந்த எட்டில் இரண்டு அரசுக் கல்லூரிகள் என்பதையும் மறைக்கலாகாது. நல்ல ஆசிரியரும் பழக்கமும் அமைந்தால் அரசு நிறுவனமும் அனுப்ப முடிகிறது. 1960-ஐ ஒட்டிய காலம் வரையில் அவ்விரு பல்கலைக் கழகங்களிலும் சேர இலத்தீன் மொழித் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. வேதியியல் படிக்க வருபவனுக்கு இலத்தீன் எதற்கு என்று கேட்பாரில்லை. அதைக் கற்பித்த பள்ளிகள் எவை என்பதே கேள்வி.

“சில ஆயிரம் இடங்களுக்கு இத்தனை பேச்சா?” என்று கேட்கலாம். நான் குறிப்பிட்ட பன்னிரண்டு பல்கலைக் கழகங்களில் படிப்போர் அமெரிக்கரில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்நாட்டு மேலவை உறுப்பினருள் நான்கில் ஒருவர் அங்கே படித்தவர். கடந்த அரை நூற்றாண்டில் அமர்த்தப்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகளுள் நான்கில் மூவர் அங்கே படித்தவர். சட்டம் இயற்றுவோரும் அதற்குப் பொருள் உரைப்போரும் வரும் வழி அது.

“பணம் இல்லாதவர்க்கு அவர்கள் உதவுகிறார்களே” என்பாரும் உண்டு. உண்மை. ஆண்டு வருவாய் ஒரு லட்சம் டாலருக்குட்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு உணவு, உறையுள் உட்பட எல்லாம் இலவசம் என்று ஹார்வர்டு 2025-இல் அறிவித்தது. பெருந்தன்மையான ஏற்பாடு. ஆனால் அது உள்ளே வந்தவர்க்குரியது.

மாற்றம் இல்லாமலும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் ஓசையின்றி 2014-இல் பழைய மாணவர் சலுகையைக் கைவிட்டு, 2020-இல்தான் அதை வெளியிட்டது. 2009-இல் புதிய மாணவருள் நூற்றுக்கு 12.5 பேராக இருந்த பழைய மாணவர் பிள்ளைகள் 2019-இல் 3.5 ஆகக் குறைந்தார்கள். பல்கலைக் கழகம் இடிந்துவிடவில்லை. ஆமர்ஸ்ட் கல்லூரி 2021-இல் அதே வழி சென்றது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றித் தனியார் பல்கலைக் கழகங்களிலும் இச்சலுகையையும் கொடைச் சலுகையையும் தடுத்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன், 2025-இல் ஸ்டான்போர்டு ஒரு முடிவு செய்தது. சலுகையை விடுவதில்லை, அதற்குப் பதிலாக மாநில அரசு தன் மாணவர்க்கு அளித்துவந்த உதவித் தொகையையே விட்டுவிட்டு, அத்தொகையைத் தானே கொடுத்துக்கொள்வது என்று. அச்சலுகை அவர்களுக்கு எவ்வளவு அருமையானது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த வீட்டுப் பையன் இப்போதும் அவ்வப்போது வருகிறான். அவனுக்காக அந்நாட்டுக் கல்லூரிகள் பல ஏற்கும் பொது விண்ணப்பத்தைக் கணினியில் பார்த்தேன். படிப்பல்லாத செயல்கள் பத்து வரை குறிக்க அதில் இடம் இருக்கிறது. நாடகம், இசை, விவாதம், விளையாட்டு என்ற வகைகளுக்கு நடுவே ‘குடும்பப் பொறுப்பு’ என்று ஒரு வகையும், ‘ஊதியம் பெறும் வேலை’ என்று ஒரு வகையும் இருந்தன. நான் அவற்றை இருமுறை படித்தேன். பையனிடம், “வீட்டில் நீ என்னென்ன வேலை செய்கிறாய்?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை ஐயா, தங்கையைப் பள்ளியில் விட்டுவருவேன், மாலையில் அப்பாவின் கடையில் நிற்பேன், அதெல்லாம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?” என்றான். தாளும் எழுதுகோலும் எடுத்துவரச் சொன்னேன்.